ஆஸ்பத்திரியில் குறி கேட்ட மாமா

போன வருடம் ஐப்பசி மாதம், அடைமழை பிடித்திருந்த நாட்களில் நடந்தது இது. வல்லத்திராக்கோட்டைக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். அங்கிருந்து புதுக்கோட்டைக்குப் போய் வந்த சில பயணங்கள்தான் கதை. எனக்குப் பகல் கனவு காணும் வியாதி உண்டு. அடுப்பில் பாலை வைத்துவிட்டு ஜன்னல் வழியே மழையைப் பார்த்தேன் என்றால், பால் பொங்கி அடுப்பு அணைந்த பிறகுதான் இந்த உலகத்துக்குத் திரும்புவேன். அதனால் நான் சொல்வதில் மழையும் மயக்கமும் கொஞ்சம் தூக்கலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் கணவர் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறார். வீட்டில் நான், மாமனார், மாமியார் மட்டும்தான். மாமனாரை மாமா என்றும் மாமியாரை அத்தை என்றும்தான் கூப்பிடுவேன். கடலையும் நெல்லும் போட்டுப் பிழைத்த மனிதர், எழுபதைத் தாண்டியவர். எங்களுக்குள் மரியாதைக்குக் குறைச்சலில்லை, பேச்சுதான் கிடையாது. நான் கூடத்துக்கு வந்தால் அவர் துண்டைச் சரி செய்துகொண்டு வாசலுக்குப் போய்விடுவார். அவர் உள்ளே வந்தால் நான் அடுப்படிக்குள் நுழைந்துகொள்வேன். சண்டை ஒன்றுமில்லை, வெறும் கூச்சம். எங்கள் பக்கம் பல வீடுகளில் இப்படித்தான்.

அதற்கு முந்தின வருடம் கணவர் லீவில் வந்திருந்தபோது, மாமாவுக்கு ரத்தத்தில் பி.எஸ்.ஏ. என்று ஒன்று கூடியிருப்பது தெரிந்தது. ஆண்களுக்கு மூத்திரப்பைக்குக் கீழே இருக்கிற புரோஸ்டேட் சுரப்பியில் கோளாறு என்றால் அது ஏறுமாம். திருச்சிக்குக் கூட்டிப்போய் ஊசியால் சதை எடுத்துப் பார்த்தார்கள். அந்த பயாப்சியில் கேன்சர் எதுவும் தெரியவில்லை. ஆனால் அதற்குப் பிறகு காய்ச்சலும் ரத்தப்போக்குமாக மாமா பட்ட பாடு கொஞ்சமில்லை. செத்தாலும் இனி அந்த ஊசிக்குப் போகமாட்டேன் என்று மகனிடம் சொல்லிவிட்டார். அவருடைய அண்ணன் இதே இடத்துக் கேன்சரில்தான் போனார். முதுகெலும்புவரை பரவிய பிறகுதான் அந்த வீட்டுக்கே விஷயம் தெரிந்தது. அதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லையே தவிர, எல்லோர் மனதிலும் இருந்தது.

ஐப்பசியில் மறுபடி ரத்தம் எடுத்துப் பார்த்தால் எண் இன்னும் ஏறியிருந்தது. புதுக்கோட்டைக்கு வெள்ளிக்கிழமைதோறும் வெளியூரிலிருந்து ஒரு யூராலஜி டாக்டர் வருகிறார் என்று கேள்விப்பட்டு, ரிப்போர்ட்டை எடுத்துக்கொண்டு நான் மட்டும் போனேன். மாமா அசையவில்லை. டாக்டருக்கு நாற்பது வயதுகூட இருக்காது. ரிப்போர்ட்டை நிதானமாகப் பார்த்துவிட்டு, மறுபடி பயாப்சி எடுப்பதா, பொறுத்துப் பார்ப்பதா என்று முடிவு செய்ய ஒரு சிறுநீர்ப் பரிசோதனை உதவும் என்றார். அதில் நோயைக் காட்டிக்கொடுக்கிற ஒரு ஆர்.என்.ஏ. மார்க்கரைத் தேடுவார்களாம். குறைவாக இருந்தால் கொஞ்சம் காத்திருக்கலாம். அதிகமாக இருந்தால் பயாப்சியைத் தள்ளிப்போடக் கூடாது.

எனக்குப் புரிகிற மாதிரி அவர் விளக்கினார். உடம்பின் செல்லுக்குள் ஆர்.என்.ஏ. என்று சீட்டுகள் போய்க்கொண்டிருக்குமாம். பல சீட்டுகளில், இந்தப் புரதத்தைச் செய், அந்தப் புரதத்தைச் செய் என்று உத்தரவு இருக்கும். சிலவற்றில் அப்படி எந்த உத்தரவும் இருக்காது. ஒரு காலத்தில் அவற்றைக் குப்பை என்று ஒதுக்கிவிட்டார்களாம். பிறகுதான் தெரிந்தது, எதை அடக்குவது, எதை அவிழ்த்து விடுவது என்பதில் இந்த உத்தரவில்லாத சீட்டுகளுக்கும் கை இருக்கிறது என்று. புரோஸ்டேட்டில் கேன்சர் வந்தால் அப்படிப்பட்ட ஒன்று அளவுக்கு மீறி உண்டாகி, கொஞ்சம் சிறுநீரிலும் இறங்கி வருமாம். அதையே குறிவைத்து அடக்குகிற மருந்துக்கும் ஆராய்ச்சி நடக்கிறது, இன்னும் நம் கைக்கு வரவில்லை என்றார்.

பஸ்ஸில் திரும்பும்போது ஜன்னலுக்கு வெளியே தைலமரக் காடு மழையில் கரைந்து ஓடிக்கொண்டிருந்தது. எல்லா மரத்து இலைகளும் எனக்கு அந்தச் சீட்டுகளாகவே தெரிந்தன. ஒன்றும் எழுதாத சீட்டுகள், ஈரத்தில் மினுமினுத்துக்கொண்டு. அதிலேயே கிறங்கிப்போய் எங்கள் ஸ்டாப்பைத் தவறவிட்டு, அடுத்த ஊரில் இறங்கி நனைந்துகொண்டே நடந்து வந்தேன்.

இப்போது இதை மாமாவிடம் எப்படிச் சொல்வது? புரோஸ்டேட் என்று சொன்னால் அவருக்குப் புரியாது. அது எங்கே இருக்கிறது என்று நான் கையைக் காட்டவா முடியும்? மார்க்கருக்குத் தமிழில் என்ன என்று போனில் தேடினேன். குறிப்பான் என்று வந்தது. கதவுக்குப் பின்னால் பாதி மறைந்து நின்றுகொண்டு, ஒரே மூச்சில் சொன்னேன்.

"மாமா, ஊசியெல்லாம் இல்லையாம். ஒண்ணுக்குப் போறதுல குறி பாப்பாங்களாம்."

சொன்ன பிறகுதான் என் காதில் விழுந்தது. நான் சொல்லக்கூடாத அந்த உறுப்பின் பெயரும் குறிதானே! பூமி பிளந்து என்னை விழுங்கிவிடாதா என்றிருந்தது. அடுப்படியிலிருந்து அத்தை களுக்கென்று சிரித்தது வேறு கேட்டது. மாமா திரும்பவில்லை. முற்றத்தில் விழுகிற மழையையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெல்லக் கேட்டார்.

"குறி பாக்குறாகளா? அப்ப வெள்ளிக்கெழமை போயிட்டு வந்துருவமா?"

எங்கள் பக்கத்தில் குறி கேட்பது புதிதில்லை. மாடு காணாமல் போனாலும் கல்யாணம் தள்ளிப்போனாலும் சாமியாடியிடம் போய்க் குறி கேட்பார்கள். அதற்கு முறை உண்டு. தலைக்குக் குளித்து, வெறும் வயிற்றோடு, எலுமிச்சம்பழத்தோடு போக வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, போகிறவர் வாயைத் திறக்கக் கூடாது. எதற்கு வந்திருக்கிறாய் என்பதைச் சாமிதான் சொல்ல வேண்டும். அதைச் சரியாகச் சொன்னால்தான் அடுத்துச் சொல்வதை நம்பலாம்.

வெள்ளிக்கிழமை காலையில் மாமா தலைக்குக் குளித்து, நெற்றி நிறைய விபூதி பூசி, சட்டைப் பையில் எலுமிச்சம்பழம் புடைக்க நின்றபோதுதான் எனக்கு விஷயம் உறைத்தது. அவசரமாகக் கணவருக்குப் போன் போட்டேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். "எதையோ நெனச்சுக்கிட்டு வாராருல்ல, வாயை மூடிக்கிட்டுக் கூட்டிட்டுப் போ" என்றார். வாயை மூடுவது எனக்குக் கஷ்டமான காரியம்தான். ஆனாலும் மூடிக்கொண்டேன்.

டாக்டருக்கு முன்னால் மாமா கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். அடிக்கடி சிறுநீர் போகிறீர்களா என்று டாக்டர் கேட்டார். பதில் இல்லை. எரிச்சல் இருக்கிறதா? பதில் இல்லை. நான் முந்திக்கொண்டு ஏதோ சொல்லப் போனேன். "நீங்க இருங்கம்மா, ஐயா சொல்லட்டும்" என்று தடுத்துவிட்டார். மாமா அவருடைய முகத்தையே கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார். காது கேட்காதோ என்று டாக்டர் குரலை உயர்த்தினார். வெளியே இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். வேறு வழியில்லாமல், குறி கேட்கிற வழக்கத்தை நான் தட்டுத்தடுமாறிச் சொன்னேன்.

டாக்டர் சிரிப்பார் என்று நினைத்தேன். அவர் பேனாவை மூடி வைத்தார். கொஞ்சநேரம் மாமாவைப் பார்த்துவிட்டு, "சரிங்கய்யா, அப்ப நானே சொல்றேன். தப்புன்னா தலையாட்டுங்க" என்றார்.

"ராத்திரி தூக்கம் கிடையாது. எந்திரிச்சு எந்திரிச்சுப் போறீங்க. போனாலும் ரொம்ப நேரம் நிக்கணும். வந்தாச்சுன்னு திரும்பினா மறுபடி போகணும்போல இருக்கும். பஸ்ல போகப் பயம். அதனால எங்கேயும் போறதில்ல. விசேஷ வீட்டுக்கும் போறதில்ல. தண்ணி குடிச்சாத்தானே தொல்லைன்னு தண்ணியைக் குறைச்சுட்டீங்க. வேட்டி நனைஞ்சா யாருக்கும் தெரியாம நீங்களே அலசிப் போடுறீங்க. வீட்ல ஒருத்தர்கிட்டயும் சொல்லல."

மாமா தலையாட்டவில்லை. அவர் கண்ணிலிருந்து நீர் இறங்கி விபூதியில் கோடு போட்டது.

எனக்கு அந்த அறையே எங்கேயோ மிதந்து போவதுபோல இருந்தது. திருவரங்குளத்தில் எங்கள் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்குக் கிளம்பி, பஸ் ஸ்டாப் வரைக்கும் வந்து, தலைவலி என்று திரும்பிப் போனாரே. மொய் விஷயத்தில் ஏதோ கோபம் என்று நாங்கள் பேசிக்கொண்டோம். சாப்பிடும்போது வைக்கிற தண்ணீர் அப்படியே இருக்குமே. நான் வைத்தது பிடிக்கவில்லை என்றுகூட நினைத்திருக்கிறேன். விடிவதற்குள் வேட்டி கொடியில் காயும். மனிதர் எவ்வளவு சுத்தம் என்று அக்கம்பக்கத்தில் பெருமை பேசியிருக்கிறேன்! ஒரே கூரைக்கடியில் ஒரு மனிதர் இவ்வளவையும் தனியாகச் சுமந்துகொண்டு நடமாடியிருக்கிறார்.

டாக்டர் அவரைத் திரைக்கு அந்தப் பக்கம் அழைத்துப்போய்ச் சோதித்தார். அதற்குப் பிறகு முதலில் வருகிற சிறுநீரைத்தான் பிடித்துக் கொடுக்க வேண்டுமாம். மாமாவுக்கு அது உடனே வரவில்லை. தண்ணீர் பாட்டிலை வாங்கிக் கொடுத்து, ஆஸ்பத்திரி வராந்தா பெஞ்சில் உட்காரவைத்து, நானும் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தேன். எதிரே புங்கமரம். மழை விட்டும் மரம் விடாமல் சொட்டிக்கொண்டிருந்தது. வெயிலும் சாரலுமாக ஒரு மஞ்சள் வெளிச்சம். ஆட்கள் குடையோடு போவதும் வருவதும் சத்தமில்லாத படம்போல ஓடியது. எனக்குக் கண் சொருகியது. மாமாவே பேச்சை ஆரம்பித்தார் என்பதை நம்பவே முடியவில்லை. கனவு என்றுதான் முதலில் நினைத்தேன்.

"ஆத்தா, இது இப்ப எங்கிட்டுப் போகும்?"

"ஐஸ் பெட்டில வச்சு மெட்ராஸ் பக்கம் பெரிய லேப்புக்குப் போகுமாம் மாமா."

"அங்கிட்டு வச்சு அதுல என்னத்தப் பாப்பாக?"

டாக்டர் சொன்ன சீட்டுக் கதையை அவருக்குச் சொன்னேன். உத்தரவோடு போகிற சீட்டு, உத்தரவே இல்லாமல் சும்மா திரிகிற சீட்டு, அதைக் குப்பை என்று ஒதுக்கியது, கடைசியில் நோயைக் காட்டிக்கொடுப்பது அதுதான் என்பது. அவர் புங்கமரத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டார். பிறகு அவர் உதட்டில் லேசாக ஒரு சிரிப்பு வந்தது. "அது சரி. வேல சோலியத்துத் திரியிற பயலுக்குத்தானே ஊரு சேதி பூராம் தெரியுது" என்றார். நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். கல்யாணமாகி வந்து இத்தனை வருடத்தில் நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து சிரித்தது அதுதான் முதல் தடவை. கொஞ்ச நேரத்தில் அவர் எழுந்து போனார். ரொம்ப நேரம் கழித்து வந்தார். முகத்தைப் பார்த்ததுமே காரியம் முடிந்தது என்று தெரிந்துகொண்டேன்.

ரிசல்ட் வரும்வரை வீடு ஏதோ தண்ணீருக்கடியில் இருப்பதுபோலக் கிடந்தது. கண்மாய் நிரம்பிவிட்டது. தவளைகள் ஓயாமல் கத்தின. மாமா கொல்லைப்பக்கம் போகும்போதெல்லாம் நான் மழையைப் பார்ப்பதுபோலத் திரும்பிக்கொள்வேன். அவர் சாப்பிட உட்காரும்போது சொம்பு நிறையத் தண்ணீர் வைத்தேன். ஒன்றும் சொல்லாமல் குடித்தார். ஒருநாள் மத்தியானம் அசந்து தூங்கியபோது, கண்மாய் முழுக்க வெள்ளைச் சீட்டுகள் மிதப்பதுபோலக் கனவு வந்தது. மாமா கரையில் நின்று ஒன்றை எடுத்து என்னிடம் நீட்டுகிறார். நான் வாங்குவதற்குள் அத்தை உலுக்கி எழுப்பிவிட்டார்.

ரிசல்ட் வாங்க மாமாவோடு போன அன்று நானே கையெடுத்துக் கும்பிட்டுக்கொண்டுதான் டாக்டர் அறைக்குள் போனேன். அவர் தாளைப் பார்த்துவிட்டுச் சுற்றி வளைக்காமல் சொன்னார். அந்த மார்க்கர் அதிகமாக இருக்கிறது. மறுபடி பயாப்சி எடுத்தே ஆக வேண்டும்.

சாமி சொல்லிவிட்டது, மாமா இனி மறுக்கமாட்டார் என்று நான் மூச்சு விட்டேன். அதோடு விடக்கூடாதா அந்த டாக்டர்? "ஆனா ஐயா, ஒண்ணு நீங்க தெரிஞ்சுக்கணும். இது சாமி சொல்ற குறி இல்லை. இது ஒரு டெஸ்ட். சில சமயம் தப்பாவும் காட்டும். பயாப்சி எடுத்தாத்தான் உறுதியாச் சொல்ல முடியும். போன தடவை மாதிரி காய்ச்சல் வராம இருக்க முன்னாடியே மருந்து தருவோம். அப்பவும் வராதுன்னு சத்தியம் பண்ண முடியாது. இதெல்லாம் தெரிஞ்சுதான் நீங்க சரின்னு சொல்லணும்" என்றார்.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. அரும்பாடுபட்டு இவ்வளவு தூரம் கூட்டிவந்திருக்கிறேன். இந்த மனிதர் நியாயம் பேசிக் காரியத்தைக் கெடுக்கிறாரே! இப்போது மாமா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்துவிடுவார். அவர் அண்ணனைக் கட்டிலோடு தூக்கிக்கொண்டு போனது என் கண்ணுக்குள் வந்து நின்றது.

மாமா எழவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"டாக்டரய்யா, இது சாமி குறி இல்லேன்னு எனக்குத் தெரியாதுங்களா? தெரியுமுங்க."

நானும் டாக்டரும் அவரையே பார்த்தோம். அவர் தரையைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

"மகன் இங்க இல்ல. மருமகதான் கூட வருது. அது பக்கத்துல ஒக்காந்திருக்கையில, நீங்க அது வருதா இது வருதான்னு கேட்டா நான் என்னண்டு சொல்லுவேன்? நாக்கப் புடுங்கிக்கிறலாம் போல இருக்கும். அதான் வரமாட்டேன்னு இருந்தேன். ஊசிக்கிப் பயந்து மட்டும் இல்லங்க. இந்தப் புள்ள குறின்னு ஒரு வார்த்தை சொல்லுச்சு. குறி கேக்கப் போனா வாயத் தொறக்க வேணாம்ல. அதைப் புடிச்சுக்கிட்டு வந்தேன்."

மாமா நிமிர்ந்து, "ஊசியப் போடுங்க. எங்கண்ணனும் இப்படித்தான் வாயத் தொறக்காமப் போனாரு" என்றார்.

நான் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன். டாக்டர் எழுந்து வந்து மாமாவின் தோளைத் தொட்டார். எனக்குக் கொஞ்சம் முன்னால் இருந்த ஆத்திரமெல்லாம் எங்கே போனதென்றே தெரியவில்லை.

பயாப்சியில் கேன்சர் இருப்பது உறுதியானது. ஆனால் சுரப்பியை விட்டு வெளியே பரவவில்லை. திருச்சியில் கதிர்வீச்சு சிகிச்சை கொடுத்தார்கள். களைத்துப் போனார், சாப்பாடு பிடிக்காமல் கிடந்தார், பிறகு மெல்ல மெல்லத் தேறினார். இப்போது எண் இறங்கியிருக்கிறது. அவ்வப்போது போய்ப் பார்த்துவிட்டு வருகிறோம். கடலைக்குக் களை எடுக்க ஆள் வந்தால் வரப்பில் நின்று சத்தம் போடுகிற அளவுக்குத் தெம்பு வந்துவிட்டது. இதெல்லாம் பெரிய விஷயம்தான். ஆனால் என்னால் மறக்க முடியாதது, ரிசல்ட் வாங்கிக்கொண்டு திரும்பி வந்த அந்த பஸ் பயணம்.

மழை விட்டிருந்தது. மாமா முன் சீட்டில், நான் அவருக்குப் பின் சீட்டில். ஜன்னல் காற்றில் தைல வாசனை. டாக்டர் சொன்னது, மாமா சொன்னது, தாளில் இருந்த எண் எல்லாம் ஒன்றோடொன்று குழம்பி, விழித்திருக்கிறேனா தூங்குகிறேனா என்று தெரியாத நிலை. அப்போது மாமா திரும்பி என்னைப் பார்த்தார். பஸ்ஸில் அத்தனை பேர் இருக்க, சாதாரணக் குரலில் சொன்னார்.

"ஆத்தா, ஒண்ணுக்குப் போகணும். பஸ்ஸ நிப்பாட்டச் சொல்லு."

நான் துள்ளி எழுந்து போட்ட சத்தத்தில் டிரைவர் பிரேக்கை அழுத்திவிட்டார். நடுக்காட்டில் யார் இறங்குவது என்று கண்டக்டர் முறைத்தார். "எங்க மாமா எறங்கணும். வர்ற வரைக்கும் வண்டிய எடுக்கக் கூடாது" என்றேன். மாமா இறங்கித் தைலமரங்களுக்குள் போனார். நானும் இறங்கி, அவருடைய பையை வைத்துக்கொண்டு ரோட்டோரத்தில் முதுகைத் திருப்பி நின்றேன். ரொம்ப நேரம் ஆயிற்று. டிரைவர் ஹாரன் அடித்தார். ஜன்னல் வழியே பெண்கள் எட்டிப் பார்த்துச் சிரித்தார்கள். எனக்குத் துளிக்கூடக் கூச்சம் வரவில்லை. ஈர இலைகளிலிருந்து காற்று சொட்டுகளைத் தட்டி என் தலையில் போட்டுக்கொண்டிருந்தது. எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நிற்கலாம் என்றிருந்தது.

இன்றைக்கும் வீட்டில் யாராவது என்னிடம் வந்து ஒரு சாதாரண வார்த்தை சொன்னால், அதைச் சொல்வதற்கு முன் எத்தனை நாள் வாய்க்குள்ளேயே வைத்துத் தவித்தார்களோ என்று நினைத்துக்கொண்டு, கையில் இருக்கிற வேலையைக் கீழே வைத்துவிட்டுத்தான் கேட்கிறேன்.